புள்ளி மறைஞ்சா நோய் போச்சா?

‘ஃபைண்டிங் நிமோ’ படம் வந்தது 2003-ல். அன்னிலேர்ந்து ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட குளோன் மீனுக்கு உலகம் பூரா ரசிகர் மன்றம். கடலுக்கும் நமக்கும் ஸ்நானப் பிராப்தியே இல்லாத மதுரையிலும் உப்புத் தண்ணித் தொட்டி வச்சிருக்கிற பார்ட்டிங்க உண்டு பாஸ்! ஆர்.ஓ. தண்ணியில் லிட்டருக்கு 35 கிராம் கடல் உப்புக் கலவை. வீட்டு ஹாலில் ஒரு குட்டி மன்னார் வளைகுடா ரெடி.

எல்லாம் ஜோராப் போகும். திடீர்னு ஒருநாள் மீன் மேல ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். கல்லில் உடம்பைத் தேய்க்கும், புஸ்புஸ்னு மூச்சு வாங்கும். எங்க கிளாஸ் நண்பன் ஒருத்தன், டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் ஒரு ஜோடி குளோன் வாங்கினான். ஒரே மாசத்தில் இந்தப் புள்ளி வந்துடுச்சு. கடைக்காரர் ஒரு நீல மருந்தைக் கொடுத்து, ‘‘தொட்டியிலேயே ஊத்துங்க தம்பி’’ன்னார். மறுநாளே இறால் ரெண்டும் மல்லாந்துடுச்சு. நாலாம் நாள் புள்ளி மறைஞ்சது. ஜிகர்தண்டா ட்ரீட் வச்சான் பையன். ரெண்டு வாரத்தில் புள்ளிகள் முன்னைவிட அதிகமாத் திரும்பி வந்துச்சு. ஒரு மீன் காலி.

என்ன நடந்துச்சு? ‘கிரிப்டோகேரியான்’னு ஒரு ஒட்டுண்ணி. மூணுலேர்ந்து ஏழு நாள் மீன் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்னும். நாம பார்க்கிற புள்ளி அதுதான். வயிறு நிறைஞ்சதும் தானாவே உதிர்ந்து, மணலிலும் கல்லிலும் கூடு கட்டி, உள்ளுக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் பெருகும். கூடு உடைஞ்சு வெளியே வர்றதுங்களுக்கு ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள மீன் கிடைச்சாகணும். மருந்து கொல்லுறது நீந்தித் திரியற இந்தக் கட்டத்தை மட்டும்தான். ஆக, புள்ளி மறையறதுன்னா எதிரி செத்துட்டான்னு அர்த்தமில்லை, படை திரட்டப் போயிருக்கான்!

அந்த நீல மருந்தில் இருந்தது தாமிரம். மீன் தாங்கும் அளவைக்கூட இறால், நத்தை, கடல் சாமந்தி தாங்காது. பவளக் கல்லும் மணலும் வேற தாமிரத்தை உறிஞ்சிக்கும், மருந்தோட அளவே நிற்காது. அதனாலதான் வைத்தியத்துக்குத் தனித் தொட்டி வேணும்: குவாரன்டைன் டேங்க். 2020-க்கு அப்புறம் அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. ஆதியில் வெனிஸில் கப்பல்களை 40 நாள் ஓரங்கட்டி வச்சதில் பிறந்த வார்த்தை. நம்ம பக்கத்து மண்டபம் கேம்ப்பும் அப்படி ஒரு இடம்தான். பிரிட்டிஷ் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம்ம தொழிலாளர்களை, காலரா, பிளேக் பயத்தில் அங்கே நிறுத்தி வச்சுத்தான் கப்பல் ஏத்தினாங்க. 1947-ல் தொடங்கின மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் ஆரம்பக் காலத்தில் இயங்கினதும் அதே மண்டபம் கேம்ப்பில்தான். தலைமையகம் கொச்சிக்குப் போனாலும், மண்டபம் மையத்தில் குளோன் மீன் குஞ்சு பொரிக்கிற வித்தையைக் கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. முடிஞ்சவரை அப்படிப் பண்ணையில் பிறந்த மீனாக் கேட்டு வாங்குங்க.

தனித் தொட்டின்னதும் பர்ஸைத் தடவ வேண்டாம். மூடி போட்ட ரெண்டு பிளாஸ்டிக் வாளி, ஏர் பம்ப், ஒளிஞ்சுக்க ஒரு துண்டு பி.வி.சி. பைப். மணல், கல் எதுவும் வேண்டாம். மீனை ஒரு வாளியில் விட்டு, 72 மணி நேரம் தாண்டறதுக்குள்ள புதுத் தண்ணி இருக்கிற அடுத்த வாளிக்கு மாத்துங்க. உப்பும் சூடும் ரெண்டிலும் ஒண்ணா இருக்கணும். பழைய தண்ணி ஒரு சொட்டும் கூடப் போகக் கூடாது. காலி வாளியைக் கழுவி மொட்டை மாடி வெயிலில் காய வச்சிடணும். இப்படி நாலு தடவை, மொத்தம் 12 நாள். உதிர்ந்தது குஞ்சு பொரிக்கிறதுக்குள்ள மீன் இடம் மாறிடுது, அவ்வளவுதான் டெக்னிக். மருந்தே கிடையாது! லேப்பில் பண்ணின எந்த எக்ஸ்பெரிமென்ட்டும் எனக்கு இவ்வளவு பிடிச்சதில்லை.

புள்ளி இல்லாம, பொன் தூள் பூசின மாதிரி மினுக்கினா அது ‘வெல்வெட்’ நோய். சில நாளிலேயே ஆளை முடிச்சிடும், வாளி வித்தை செல்லாது. அங்கே தாமிரம்தான். லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மி.கி. 40 லிட்டர் தொட்டிக்கு 8 மி.கி. தாமிரம், அதாவது மயில்துத்தம் 32 மி.கி. ஒண்ணு ரெண்டு அரிசி மணி எடை! கண் அளவில் போட்டா மீன் போயிடும், குறைச்சுப் போட்டா நோய் போகாது. டெஸ்ட் கிட் இல்லாதவங்க தாமிரத்தைத் தொடவே வேண்டாம். சித்திரை வெயிலில் தண்ணி சூடேறினா ஆக்சிஜன் குறையும், அந்த நேரம் பார்த்து கரன்ட்டும் போகும். பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு கைவசம் இருக்கட்டும்.

மிஞ்சின ஒரு குளோனை நண்பன் வாளி வாளியா மாத்திக் காப்பாத்திட்டான். இப்ப அது தனித் தொட்டியில் மூக்கு முட்டத் தின்னுது. பெரிய தொட்டியில் மீன் கிடையாது. மீன் கிடைக்காம ஒட்டுண்ணி பட்டினியில் சாக ஆறு வாரமாவது ஆகும், ரிஸ்க் வேண்டாம்னா 76 நாள். ‘‘காலித் தொட்டிக்கு எதுக்குத் தம்பி ராப்பகலா மோட்டார் ஓடுது?’’ன்னு ஹவுஸ் ஓனர் தினமும் கேட்கிறாராம். பையன் காலண்டரில் 76-வது நாளை வட்டம் போட்டு வச்சிருக்கான்.