ஓய்வு நேரப் படிப்பா?

கலை வரலாற்றுக்கு மூன்று வருடப் பட்டம் வீண், ஆர்வமிருந்தால் ஓய்வு நேரத்தில் படிக்கலாம் என்கிறார் ஒரு கட்டுரையாளர். அது சரியா என்று பார்க்க ஒரு சிலையின் கதை போதும்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன சோழர் கால நடராஜரை, 2008இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம். விற்றவர் காட்டிய பத்திரமெல்லாம் போலி. குட்டை உடைத்தது, சிலை கோயிலில் இருந்தபோது எடுத்த பழைய புகைப்படம். 2014இல் நடராஜர் நாடு திரும்பினார்.

படத்தோடு சிலையை ஒப்பிட்டதில் ஓய்வு நேர ஆர்வலர்களுக்கும் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஊர் ஊராகப் போய் அப்படிப் படமெடுத்து, பட்டியலிட்டுக் காத்து வைத்திருந்தது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். அது ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடந்த வேலையா?