வாளியும் மூலநிரலும்

ஆவணப்படத்தின் அரசியலைப் பற்றி இருபது பக்கம் எழுதக்கூடிய நம் சிற்றிதழ் அன்பர்கள், அந்தப் படம் எந்தக் கருவியில் வெட்டி ஒட்டப்பட்டது, அக்கருவி யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று ஒரு வரிகூடக் கேட்பதில்லை. கேட்டால், அது பொறியாளர் வேலை, இலக்கியக்காரர்களுக்கு எதற்கு என்று முகம் சுளிக்கிறார்கள். இந்த அலட்சியத்தை நாங்கள் ஏற்கவில்லை. சாட்சியமே வாழ்வாதாரமாக இருக்கும் இடங்களில் இது ஆபத்தானதும்கூட. அப்படிப்பட்ட ஓர் இடத்தை முன்வைத்தே பேச விரும்புகிறோம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், உப்பனாற்றை ஒட்டி நீண்டு கிடக்கிறது சிப்காட் தொழிற்பேட்டை. ஈச்சங்காடு, குடிகாடு, செம்மங்குப்பம், காரைக்காடு ஆகிய ஊர்களின் மக்கள் அங்குள்ள இரசாயன ஆலைகளின் நாற்றத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் புகார் சொல்லி வந்தார்கள். நாற்றத்துக்கு ஆதாரம் எங்கே என்பதே அவர்களுக்குக் கிடைத்த பதில். 2004இல் அவர்களில் சிலர் ‘சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்’ என்ற பெயரில் கூடி, தாங்களே காற்றைப் பிடித்தார்கள். கருவி மிக எளியது: மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளி, அதனுள் ஒரு பை, வாளிக்குள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்க ஒரு சிறு பம்பு. வாளிக்குள் காற்றழுத்தம் குறைந்ததும் பை வெளிக்காற்றை உள்ளிழுத்துக்கொள்ளும். அந்தப் பை ஆய்வகத்துக்குச் செல்லும். 1995இல் கலிஃபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் அருகே வாழ்ந்தவர்களுக்காக உருவான முறை இது. விலையுயர்ந்த எஃகுக் கலன்களின் வேலையை மலிவான வாளி செய்தது. அதன் அமைப்பில் மறைபொருள் ஏதுமில்லை. யாரும் செய்யலாம், பழுதானால் யாரும் பிரித்துப் பார்க்கலாம்.

2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்பகுதிகளுக்கு மாசுக் குறியீடு வெளியிட்டபோது, கடலூர் 77.45 புள்ளிகளுடன் மிகக் கடுமையாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் இடம்பெற்றது. எழுபதைத் தாண்டினாலே அப்பட்டியல்தான். கிராமத்தார் மூக்கால் அறிந்ததை அரசு எண்ணால் ஒப்புக்கொண்டது.

வாளியின் காலம் போய் இன்று கைப்பேசிக் கேமராவின் காலம் வந்துவிட்டது. இரவில் கசியும் புகை, ஆற்றில் மாறும் நிறம், மூச்சுத் திணறும் முதியவரின் வாக்குமூலம் எல்லாம் காணொளியாகவே பதிவாகின்றன. ஆனால் வாளியைப் பொறுத்தவரை அம்மக்கள் வலியுறுத்திய திறந்த தன்மையைக் காணொளிக் கருவியில் ஏன் நாம் வலியுறுத்துவதில்லை? எடுத்த காட்சிகளைத் தொகுக்க வேண்டும், எழுத்து சேர்க்க வேண்டும், அனுப்பக்கூடிய அளவுக்குச் சுருக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் குறியாக்கம் என்கிறோம். கணினிக்கு மிகுந்த பளு தரும் வேலை அதுவே.

வழக்கமாக வரும் மூன்று பதில்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, கைப்பேசிச் செயலி போதுமே என்பது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. அப்பட்டியலில் டிக்டாக் மட்டும் இல்லை, படத்தொகுப்புக்குப் பலரும் பயன்படுத்திய விவா வீடியோவும் இருந்தது. அத்தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். ஒருவருடைய தொகுப்புக் கருவி ஒரே இரவில் வேறொருவரின் ஆணையால் இல்லாமற் போகலாம் என்பதே இங்கு பாடம்.

இரண்டாவது, கள்ளப் பிரதிதான் கிடைக்கிறதே என்பது. நம் ஊரில் இதை யாரும் குற்றமாகவே கருதுவதில்லை. ஆனால் காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்க வழிசெய்கிறது. பெரிய ஆலையை எதிர்த்து நிற்கும் மீனவ இளைஞர் ஒருவரின் கணினியில் அப்படியொரு பிரதியை வைத்துவிடுவது, எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கையில் நாமே ஆயுதத்தைக் கொடுப்பதாகும்.

மூன்றாவது, சந்தா கட்டி வாங்கலாமே என்பது. சந்தா நின்ற மாதத்தில் கருவியும் நின்றுவிடும், அக்கருவியில் மட்டுமே திறக்கும் திட்டக் கோப்பும் பூட்டிக்கொள்ளும். கேடென்லைவ் என்ற கட்டற்ற மென்பொருளின் திட்டக் கோப்போ வெறும் எழுத்துக் கோப்பு. எந்த வெட்டு எந்த நொடியில் விழுந்தது என்பதை அம்மென்பொருள் இல்லாமலேயே திறந்து படிக்க முடியும். பதினைந்து ஆண்டு கழித்து விசாரணைக்கு வரும் வழக்குகள் உள்ள நாட்டில் இது சிறிய விஷயமன்று.

இனி மூலநிரலுக்கு வருவோம். கேடென்லைவ், ஷாட்கட் ஆகிய இரண்டும் எம்எல்டி என்ற அடித்தளத்தின் மீது நிற்கின்றன. அதுவோ, 2000இல் ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக்கைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. இவற்றின் மூலநிரல் யாருக்கும் திறந்தது. அதை இயங்கும் மென்பொருளாக மாற்றும் வேலையையே கம்பைல் செய்தல், தமிழில் தொகுத்தல் என்கிறார்கள். படத்தைத் தொகுப்பதற்கும், நிரலைத் தொகுப்பதற்கும், பழம்பாடல்களைத் தொகுப்பதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல் அமைந்திருப்பதை இலக்கிய வாசகர்கள் கவனிக்க வேண்டும். உ.வே.சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிட்டு 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, எதைச் சேர்ப்பது எதை விடுவது என்ற தீர்ப்பு ஒவ்வொரு வரியிலும் இருந்தது. பாடபேதங்களை அடிக்குறிப்பில் காட்டும் பதிப்பாசிரியரை நாம் நம்புகிறோம், மறைப்பவரைச் சந்தேகிக்கிறோம். மென்பொருளிலும் ஒரே மூலத்துக்குப் பல பாடங்கள் உண்டு.

உதாரணம் ஒன்று. 2011 முதல் வந்த இன்டெல் கோர் செயலிகள் பலவற்றில் காணொளிக் குறியாக்கத்துக்கென்றே தனிச் சுற்று இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் செயலி மூச்சுவாங்காமல், பழைய மடிக்கணினியிலும் வேலை விரைவாக முடியும். புதிய கணினி வாங்க வசதியில்லாதவர்களுக்குத்தான் இந்த வன்பொருள் முடுக்கம் அதிகம் தேவை. ஆனால் நமக்குக் கிடைக்கும் மென்பொருள் அச்சுற்றைத் தொடுமா என்பது, அதைத் தொகுத்தவர் எந்தத் தெரிவுகளை இயக்கினார் என்பதைப் பொறுத்தது. 2022இல் ஃபெடோரா லினக்ஸ், மெசா என்ற வரைகலை நூலகத்தில் எச்.264, எச்.265 வடிவங்களுக்கான வன்பொருள் முடுக்கத்தை அகற்றியது. காரணம், புத்தாக்க உரிமங்கள் பற்றிய சட்ட அச்சம். சில்லு மாறவில்லை, மூலநிரலும் அழியவில்லை. தொகுப்பின்போது ஒரு தெரிவு மாறியது, அவ்வளவே. தானே தொகுக்கத் தெரிந்தவர்களுக்கும் அவர்களது தொகுப்பை நாடியவர்களுக்கும் அவ்வசதி திரும்பக் கிடைத்தது. மற்றவர்கள் தங்கள் கணினி பழசாகிவிட்டது போலும் என்று நினைத்திருப்பார்கள்.

உதாரணம் இரண்டு இதற்கு நேர்மாறானது. என்விடியா நிறுவனத்தின் சாதாரண ஜீஃபோர்ஸ் அட்டைகளில் ஒரே நேரத்தில் எத்தனைக் குறியாக்கங்கள் நடக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. பல ஆண்டுகள் அது இரண்டாக இருந்தது. 2020இல் மூன்றானது, 2023இல் ஐந்தானது, 2024இல் எட்டானது. ஏற்கெனவே விற்ற அட்டைகளிலும் இயக்கி மென்பொருள் புதுப்பித்ததும் வரம்பு உயர்ந்தது. அப்படியானால் அந்த வரம்பு வன்பொருளின் இயலாமையன்று, மூடிய இயக்கிக்குள் எழுதப்பட்ட ஒரு வணிக முடிவு. காசு கொடுத்து வாங்கிய பொருளின் ஆற்றலை விற்றவரே தவணை முறையில் வழங்குகிறார். அதைத் திருத்தும் மூலநிரல் நம் கையில் இல்லை.

இங்கே நேர்மையாக இரண்டை ஒப்புக்கொள்ள வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கை நாமே தொகுத்தாலும் குறியாக்கச் சில்லின் உட்புறம் நமக்கு இருட்டுதான். மேலும், வன்பொருள் குறியாக்கம் வேகமானதே தவிர, அதே கோப்பளவில் பொதுவாக எக்ஸ்264 போன்ற திறந்த மென்பொருள் குறியாக்கி பொறுமையாகத் தரும் தெளிவைத் தருவதில்லை. எனவே அவசரமாக ஊர்க் குழுவுக்கு அனுப்பும் பிரதிக்கு வன்பொருள், பாதுகாத்து வைக்கும் பிரதிக்கு மென்பொருள் என்று பிரித்துக்கொள்வதே அறிவுடைமை. எந்நாளும் எல்லோரும் தொகுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. ஆயத்தப் பொதி பெரும்பாலும் போதும். அது கைவிடும் நாளில் கதவு திறந்திருக்க வேண்டும், கதவைத் திறக்கத் தெரிந்த நால்வர் அருகில் இருக்க வேண்டும்.

பொறியாளர் அல்லாதார் இதைக் கற்க முடியாது என்பவர்களுக்கு வாளியையே பதிலாகச் சொல்வோம். காற்று மாதிரி எடுப்பது விஞ்ஞானிகள் வேலை என்றுதான் அன்றும் சொல்லப்பட்டது. சிப்காட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் குழு கிராமப்புற மாணவர்களுக்குப் பயிற்சி தருகிறது. ‘கணியம்’ கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறது. இல்லாதது கல்வியன்று, இலக்கிய வட்டத்தின் அக்கறைதான்.

சட்டமும் இத்திசையில்தான் நகர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவுடன் தர வேண்டிய சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். கோப்பில் ஒரு துளி மாறினாலும் மாறிவிடும் எண் அது. மறுகுறியாக்கம் செய்த கணமே கோப்பு வேறாகிவிடுகிறது. ஆகவே கேமராவிலிருந்து இறங்கிய மூலக்கோப்பைத் தொடாமல் வைப்பதும், தொகுத்த பிரதி எவ்வாறு உருவானது என்பதைச் சொல்ல முடிவதும் இன்றியமையாதவை. எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு, எந்தத் தெரிவுகளுடன் தொகுக்கப்பட்டது, எந்த ஆணையால் குறியாக்கம் நடந்தது என்பதைத் திறந்த கருவி வைத்திருப்பவர் ஒரு தாளில் எழுதித் தரலாம். இன்னொருவர் அதைப் பார்த்துத் திரும்பச் செய்து பார்க்கலாம். மூடிய செயலியில் ஒரு பொத்தானை அழுத்தியவரால் பொத்தானின் பெயரை மட்டுமே சொல்ல முடியும்.

எனவே திரைப்படச் சங்கங்களுக்கும் சிற்றிதழ் நண்பர்களுக்கும் எங்கள் கோரிக்கை இதுதான். அடுத்த ஆவணப்படத் திரையிடலின்போது, படத்தைப் பற்றிப் பேசும் மூன்று மணிநேரத்தில் ஒரு மணிநேரத்தை அதன் கருவிக்கு ஒதுக்குங்கள். அந்த மேடையிலேயே ஒரு பழைய மடிக்கணினியில் எஃப்எஃப்எம்பெக்கைத் தொகுத்துக் காட்டச் சொல்லுங்கள். செய்முறையைத் தமிழில் எழுதி, நூலுக்குப் பின்னிணைப்பு சேர்ப்பதுபோல் படத்துடன் சேர்த்து வெளியிடுங்கள். சிப்காட் மக்கள் தங்கள் காற்றை அளக்கத் தங்கள் வாளியைத் தாங்களே செய்துகொண்டார்கள். அவர்களைப் பற்றிப் படமெடுக்கும் நமக்கு அந்த அளவு சிரமம்கூட அதிகமென்றால், நம் அக்கறையை அவர்கள் சந்தேகிப்பதில் தவறில்லை.