கேம் ஆடினா ஜெயிலா?

ஆன்லைன் கேம் சட்டம் வந்ததுலேர்ந்து காரைக்கால் காலேஜ் பசங்க வாட்ஸப்ல மாத்தி மாத்தி அனுப்புற விஷயம்: கேம் ஆடினா 3 வருஷம் ஜெயில், 1 கோடி அபராதம். கீழே அழுகை எமோஜி, மீம்ஸ்.

தப்புங்க. 2025 ஆகஸ்ட் 22-ல் ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்த அந்த மத்திய சட்டம் தடை செய்வது பணம் கட்டி ஆடும் கேமை மட்டும்தான். அந்தத் தண்டனை கேமை நடத்துற கம்பெனிக்காரங்களுக்கு. ஆடுறவங்களுக்குத் தண்டனையே கிடையாது. இ-ஸ்போர்ட்ஸுக்கு அங்கீகாரம்கூட இருக்கு.

(வாஞ்சூர் தாண்டினா தமிழ்நாட்டுக்கு 2022-லேயே தனிச் சட்டம் உண்டு. அது புதுச்சேரி யூனியன்ல இருக்கிற நமக்குச் செல்லாது. இது செல்லும்.)

இதை ஏன் ஒரு டாக்டர் பேசணும்? ஆன்லைன் ரம்மியில காலேஜ் ஃபீஸைத் தொலைச்ச பையன் இந்த ஃபார்வர்டைப் படிச்சா வாயே திறக்க மாட்டான். வீட்ல சொன்னா அடி, வெளிய சொன்னா போலீஸ்னு நினைப்பான். விட்டதைப் பிடிக்க லோன் ஆப்ல கடன் வாங்குவான். அந்தப் பயம்தான் எனக்குப் பெரிசாத் தெரியுது.

பெற்றோருக்கு ஒண்ணு. ராத்திரி ஒரு மணி நேரம் கேம் ஆடுறவன் எல்லாம் நோயாளி இல்லை. உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 பட்டியல்ல சேர்த்திருக்கிற கேமிங் டிஸார்டர் வேற: நிறுத்த முடியாம, படிப்பு, சொந்தபந்தம் எல்லாம் கெட்டும் மாசக்கணக்கா தொடர்றது.

பசங்களா, அந்த ஃபார்வர்டு வந்த குரூப்லயே இதையும் போடுங்க: டெலி-மானஸ், 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம்.