வேலை முடிந்தால் வீடும் முடியுமா?

சிம்பாங் அம்பாட் டோல் சாவடியைத் தாண்டி வீடு திரும்பும் மாணவர்களில் பலருக்குத் தோட்டம் என்பது தாத்தா பாட்டி சொல்லும் கதை. அந்தக் கதையில் ஒரு வரி மட்டும் மாறாமல் வரும்: "வேலை முடிஞ்சதும் லயத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. தொழிலாளர் வீடமைப்புக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்த 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம், முதலில் 20 ஹெக்டருக்கு மேற்பட்ட தோட்டங்களையும் சுரங்கத் துறையையும் மட்டுமே தொட்டது. 2020 ஜூன் 1 முதல் மற்ற துறைகளுக்கும் விரிந்தது. நல்லதுதான். ஆனால் அது பேசுவது வேலையில் இருப்பவரின் வீட்டைப் பற்றி. நாட்டில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அறுபத்தொன்றாவது வயதில் அந்தத் தொழிலாளி எங்கே படுப்பார்?

இங்கேதான் சிக்கல். தொழிலாளர் சட்டம் கூட்டரசின் கையில். நிலமும் சுரங்கக் குத்தகையும், அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி, மாநிலத்தின் கையில். வீடமைப்பும் சமூக நலனும் இரு தரப்புக்கும் பொது. தோட்டம் விற்கப்பட்டுத் தாமானாக மாறும்போது, முதியவர் இந்தக் கதவுகளுக்கிடையே அலைகிறார். "இது எங்கள் வேலையில்லை" என்று ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பல நேரங்களில் அது பொய்யும் இல்லை.

ஆனால் நில வகையை மாற்ற அனுமதி தரும்போது நிபந்தனை விதிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு. அந்த நிபந்தனைகளில் ஓய்வுபெற்றோருக்கான வீடும் இருக்கிறதா என்று யார் கேட்பது? மேடைப் பேச்சு இதற்கு உதவாது. நில அலுவலகம், தொழிலாளர் துறை, சமூக நலத்துறை மூன்றையும் ஒரே மேசைக்கு அழைத்துக் கோப்புகளைத் திறக்கச் சொல்லும் சட்டமன்றக் குழுதான் வேண்டும்.

இது கற்பனை அல்ல. சிலாங்கூர் சட்டமன்றம் 2008 தேர்தலுக்குப் பிறகு 'செல்காட்' என்ற தேர்வுக் குழுவை அமைத்தது. அப்போதைய அவைத்தலைவர் தெங் சாங் கிம் அதற்குத் தலைவர். 2010இல் மணல் எடுப்பு விவகாரத்தில் மாநில அரசின் சொந்த நிறுவனமான கும்புலான் செமெஸ்தாவைப் பற்றியே அது பொது விசாரணை நடத்தியது. மணலுக்கு முடிந்தது மனிதருக்கு முடியாதா?

குழு இருந்தால் எல்லாம் தீரும் என்று நான் சொல்லவில்லை. அதே சிலாங்கூரில், பெஸ்தாரி ஜெயா பக்கம் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். கேட்டுக்கொண்டே இருக்க ஆள் வேண்டும்.

மலாக்கா சட்டமன்றத்தில் 28 உறுப்பினர்கள். 2021 நவம்பர் 20இல் அவர்களைத் தேர்ந்தெடுத்தபோது 18 வயதினருக்கு வாக்குரிமை இல்லை. டிசம்பர் 15இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. இருபத்தைந்தே நாள் இடைவெளி!

வாக்கு இல்லாவிட்டாலும் கேள்வி கேட்கலாம். உங்கள் பள்ளி நிகழ்ச்சிக்குச் சட்டமன்ற உறுப்பினர் வரும்போது, எவ்வளவு மானியம் தருகிறார் என்பதோடு நிற்காதீர்கள். எந்தக் குழுவில் இருக்கிறீர்கள், ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளரின் வீட்டைப் பற்றி அவையில் எத்தனை முறை கேட்டீர்கள் என்று கேளுங்கள். பதிலைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.