மிகையும் ஒரு குற்றமே

முதலாமாண்டு மாணவ மாணவியரை ஆண்டுதோறும் 'என் தாய்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணிப்பது என் வழக்கம். பத்துக் கட்டுரைகளுள் எட்டிலேனும் ஒரே தொடர் வந்து நிற்கும்: 'என் தாய் மாடாய் உழைத்தார், ஓடாய்த் தேய்ந்தார்.' மரபுத்தொடரைப் பிழையின்றி ஆண்டமைக்காக நானும் மதிப்பெண் வழங்கி வந்துள்ளேன். அண்மைக் காலமாக அத்தொடரைக் கண்டதும் என் பேனா தயங்குகிறது. மாடு படும் பாட்டையும் ஓடு தேயும் தேய்வையும் ஒரு தாய்க்குப் புகழாகச் சூட்டுதல் தகுமா?

உழைப்பைக் குறிக்கும் சொற்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. முயற்சி, ஊக்கம், ஆள்வினை, தாளாண்மை என்பன செயலின் பெருமையைச் சுட்டுவன. உழத்தல், பாடு, வருத்தம் என்பன செயலோடு துன்பத்தையும் சேர்த்தே சுட்டுவன. 'பாடுபட்டான்' எனின் உழைத்தான் எனலும் ஆம்; துன்புற்றான் எனலும் ஆம். பாட்டாளி என்னும் சொல்லும் அப்பாட்டிலிருந்து பிறந்ததே. உடல் முயற்சியை வள்ளுவர் மெய்வருத்தம் என்றார். அவ்வருத்தம் இன்று நம்மிடையே மனத்துயரையும், ஈழத்தமிழர் வழக்கில் நோயையும் குறிக்கின்றது. முயற்சி, துயரம், நோய் என அச்சொல் நடந்து வந்த வழி ஓர் ஏழைத் தொழிலாளியின் வாழ்க்கை வழியாகவே தோன்றுகிறது. உருது மொழியில் உழைப்பைக் குறிக்கும் 'மெஹ்னத்' என்பதும், சோதனை எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழிவந்ததே.

உழைக்காதிருத்தலைக் கடிவதற்கு மடி, சோம்பல், அசட்டை எனச் சொற்கள் பலவுள. மடியின்மைக்கெனத் திருக்குறளில் தனியதிகாரமே உண்டு. அளவிறந்து உழைத்தலைக் குற்றமெனச் சுட்டவோ நம் அன்றாட வழக்கில் ஒரு தனிச்சொல் இல்லை. இடுப்பொடிய, எலும்பு தேய, செக்குமாடாய், அல்லும் பகலும் என உவமைகளும் அடைகளுமே உள்ளன. அவற்றில் இரக்கம் உண்டு, புகழ்ச்சியும் உண்டு, கேள்வி மட்டும் இல்லை.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். நன்னூலார் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை எண்ணுமிடத்துக் குன்றக் கூறலை அடுத்து மிகைபடக் கூறலை வைத்தார். குறைவு போன்றே மிகுதியும் குற்றம் என்பது அவர் துணிபு. 'மருந்து' அதிகாரத்தின் முதற்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர், உணவு மட்டுமன்றிச் செயல்களும் அளவின் மிகினும் குறையினும் நோய் செய்யும் என விளக்கினார். சொல்லுக்கும் உடலுக்கும் பொருந்தும் இவ்வளவு, உழைப்புக்குப் பொருந்தாதோ?

என் உம்மா பீடி சுற்றியவர். மடியில் சுளகும் கையில் இலையுமாக அமர்வார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கணக்கு முடியாத நாள்களில் இஷாத் தொழுகைக்குப் பின்னும் அவர் விரல்கள் ஓயா. 'ஓடாய்த் தேய்ந்து பிள்ளைகளை ஆளாக்கினாள்' என ஊரார் பாராட்டினர். அதுகேட்டு நாங்களும் பெருமிதம் கொண்டோம். உண்ட தட்டைக் கழுவி வைக்க ஒருநாளும் எழுந்தோமில்லை. வறுமையில் ஓய்வுக்கு இடமேது எனப் பெரியோர் வினவலாம். உண்மையே. சுளகை அவர் மடியில் வைத்தது வறுமை. தட்டையும் அவர்க்கே விட்டுவைத்தவர் நாங்கள். எங்கள் பிழையை எங்கள் பாராட்டே மறைத்துவிட்டது.

பெயர் பெற்ற துன்பத்தை எளிதில் மறைத்தல் இயலாது. மிகையுழைப்பால் நேரும் சாவைச் சப்பானியர் 'கரோஷி' என்றனர். 1980களில் அச்சொல் அந்நாட்டில் பரவலாயிற்று. இறந்தோரின் குடும்பத்தார் அதனைச் சொல்லி இழப்பீடு கோரினர். 2014இல் அச்சாவைத் தடுப்பதற்கென்றே சட்டம் இயற்றப்பெற்றது. சொல் ஒன்றே சாவை நிறுத்திவிடவில்லை; எனினும் 'அவர் விதி' என்று சொல்லி அமைந்துவிடும் வாயை அது அடைத்தது.

நம் மாநிலத்திலும் கடைகளில் நாள்முழுதும் நின்றே பணிபுரிவோர்க்கு இருக்கை அளித்தல் வேண்டும் என்பதற்கு 2021இல் ஒரு சட்டத்திருத்தம் தேவைப்பட்டது. கால் கடுக்கும் என்பது அதற்கு முன்னர் யாருக்கும் தெரியாததன்று. நிற்பதே பணிவு எனக் கொண்டிருந்தோம். ஏவலர்மீது ஆற்றலுக்கு மேற்பட்ட பணியைச் சுமத்தலாகாது, சுமத்த நேரின் உடனின்று உதவுதல் வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. கடையும் தொழிலும் நடத்தும் நம் சமுதாயப் பெரியோர் இதனை நினைவிற் கொள்வார்களாக.

ஆதலின் 'மிகையுழைப்பு' என்னும் சொல்லை நாம் அஞ்சாது ஆள்வோம். 'என் தாய் உழைப்பாளி' என்பது புகழுரை. 'என் தாய் மிகையுழைப்பில் வாடுகிறார்' என்பது, கேட்போரை எழுந்து வரச் செய்யும் அழைப்பு. இவ்விரண்டையும் பிரித்தறிதலும் மொழிக்கல்வியின் பயனேயாகும்.

இவ்வாண்டும் அதே தலைப்பில் கட்டுரை எழுதப் பணிப்பேன். 'ஓடாய்த் தேய்ந்தார்' என எழுதுவோர்க்கு மதிப்பெண்ணைக் குறைக்கமாட்டேன். விடைத்தாளின் ஓரத்தில் ஒரு வினாவை மட்டும் எழுதுவேன்: 'தேயவிட்டவர் யார்?'