இலவசம் என்னும் விருந்து மேசை



திருப்பூரிலிருந்து வாசகி ஒருவர் மடல் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார். கோடை விடுமுறையில் குடும்பத்தாரை உதகையிலுள்ள ஓய்வு விடுதி ஒன்றுக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளாராம். அறை வாடகைக்கு மேல் ஒரு தொகை செலுத்தினால் தனி 'லவுஞ்ச்' வசதி உண்டு, அங்கே காலை முதல் இரவு வரை சிற்றுண்டியும் பானமும் இலவசம் என்கிறார்களாம். "நம்மைப் போன்றவர்கள் அங்கே போகலாமா? போனால் எதை உண்பது, எதை விடுவது?" என்பது அம்மடலின் கேள்வி.

நல்ல கேள்விதான். 1978-இல் இத்தாலியின் வெரோனா என்னும் வணிகர் வெள்ளைப் பனியன்கள் வாங்க வந்த நாளிலிருந்து, திருப்பூருக்கும் அயல்நாட்டாருக்கும் உறவு வளர்ந்தது. அவர்களை வரவேற்கும் நட்சத்திர விடுதிகளின் பழக்கங்கள் இன்று நம் இல்லங்களுக்குள்ளும் நுழைகின்றன. ஆகவே அந்த லவுஞ்ச் என்னவென்று முதலில் அறிந்துகொள்வோம்.

பெரிய விடுதிகளில் விருந்தினருக்கு வேண்டிய உதவிகளைச் செய்து தருபவருக்குக் 'கான்சியேர்ஜ்' என்று பெயர். பிரெஞ்சு மொழிச் சொல் அது. வண்டி அமர்த்துவது, பயணச்சீட்டுக்கு வழி சொல்வது, நல்ல மருத்துவரைக் காட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. கூடுதல் வாடகை தரும் விருந்தினருக்கு மட்டும் இந்த உதவியோடு உணவும் ஓய்விடமும் சேர்த்துத் தரும் கூடமே கான்சியேர்ஜ் லவுஞ்ச்.

அக்கூடத்தின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் இட்லி, பொங்கல், ரொட்டி, முட்டை, பழங்கள், பழச்சாறு. பிற்பகலில் தேநீர், கேக், பிஸ்கட். மாலை ஆறு மணியை ஒட்டிச் சிறு தின்பண்டங்களுடன் மது. இரவில் இனிப்பு வகைகள். நம் நாளோடு இதைப் பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஃபஜ்ர் தொழுத பின் காலை உணவு. அஸரை ஒட்டித் தேநீர். மதுக்கோப்பைகள் நிரம்பும் வேளையோ மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வேளை! மது பரிமாறப்படும் விரிப்பில் அமரலாகாது என்பது நபிகளார் காட்டிய வழி. ஆகவே காலையும் பிற்பகலும் நமக்கு, மாலை நமக்கன்று. அந்நேரத்தில் அறையில் குடும்பத்தோடு ஜமாஅத்தாகத் தொழுதுவிட்டுத் தோட்டத்தில் பிள்ளைகளோடு உலாவி வரலாமே!

இனி, மேசையிலுள்ள பொருள்களைப் பற்றி. கோப்பையிலுள்ள மது கண்ணுக்குத் தெரியும். தட்டிலுள்ள மது தெரியாது. திராமிசு என்னும் இத்தாலிய இனிப்பிலும், பிளம் கேக்கிலும், சில சாக்லேட்டுகளிலும் மது சேர்ப்பதுண்டு. மீனைப் பீர் கலந்த மாவில் தோய்த்துப் பொரிப்பதும், இறைச்சிக் குழம்பில் ஒயின் ஊற்றுவதும் மேனாட்டுச் சமையலில் வழக்கம். 'மூஸ்' போன்ற மென்மையான இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கலாம். அது பன்றியிலிருந்தும் எடுக்கப்படுகிறது. ஆல்கஹால் அற்ற பீர் என்று விற்கப்படுவதிலும் அரை சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கக்கூடும். பொட்டலங்களின் மேலுள்ள பச்சைப் புள்ளி சைவ உணவு என்று மட்டுமே கூறும். அதில் மது இல்லை என்று கூறாது.

சிங்கப்பூரில் இஸ்லாமிய சமய மன்றம் 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கி வருகிறது. அங்கே ஒவ்வோர் உணவகமும் தனித்தனியே சான்று பெறவேண்டும். மது பரிமாறும் உணவகத்துக்கு அச்சான்று கிடைக்காது. ஒரே விடுதியில் ஓர் உணவகம் சான்று பெற்றதாகவும் மற்றொன்று பெறாததாகவும் இருக்கலாம். ஆகவே "இந்த விடுதி ஹலால்தான்" என்ற பொதுப் பேச்சை நம்பி இருந்துவிடாதீர்கள். இறைச்சி எங்கிருந்து வருகிறது, பொரிக்கும் எண்ணெய் பொதுவா என்று சமையற்காரரையே கேளுங்கள். கேட்பதற்கு வெட்கம் வேண்டாம். ஒவ்வாமை உள்ளவர்களும் சைவர்களும் நாள்தோறும் இப்படிக் கேட்கிறார்கள். பதில் சொல்வது அவர்கள் கடமை.

அடுத்தது கணக்கு. இலவசம் என்பது வெறும் சொல். அதன் விலையை வாடகையில் நீங்கள் முன்பே கொடுத்துவிட்டீர்கள். பல விடுதிகளில் ஓர் அறைக்கு இரு பெரியவர்களுக்கே லவுஞ்சில் இடம். மூன்றாமவருக்குத் தனிக் கட்டணம். சில இடங்களில் மாலை வேளையில் சிறுவர்களை விடுவதில்லை. அந்தக் கூடுதல் தொகையில் மதுவின் விலையும் அடங்கியிருக்கிறது. நாம் தொடாத பொருளுக்கும் சேர்த்து நாம் ஏன் பணம் தரவேண்டும்? காலை உணவு மட்டும் சேர்ந்த அறையை எடுத்து, பிற்பகல் தேநீரைத் தனியே வாங்கினால் என்ன ஆகும் என்று மகனைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பணம் கொடுத்தாயிற்றே என்று தட்டை நிரப்பிப் பாதியை மிச்சம் வைப்பது இன்னொரு தவறு. வீண்விரயம் செய்வோரை நம் மார்க்கம் எவ்வளவு கண்டிக்கிறது என்பது நீங்கள் அறியாததன்று. பிள்ளைகளுக்குச் சிறிது சிறிதாக எடுத்துக் கொடுங்கள்.

கான்சியேர்ஜின் உதவியையோ தயங்காமல் பெற்றுக்கொள்ளுங்கள். தொழுகைக்குப் பள்ளிவாசல் எங்கே, கிப்லா எத்திசை என்று அவரிடமே கேட்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் மலை ரயிலுக்கு விடுதியில் சேர்வதற்கு முன்பே தொலைபேசியில் அவரிடம் யோசனை கேளுங்கள். 46 கிலோமீட்டர், 16 குகைகள். 1908-இல் உதகையை எட்டிய அந்தப் பாதை 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. பல் சக்கரத்தின் பிடிப்பில் வண்டி மலையேறுவதைப் பார்த்த பிள்ளை, லவுஞ்சில் தின்ற கேக்கை மறந்துவிடும்; அந்த ரயிலை மறக்காது.

இறுதியாக அந்தத் தாய்க்கு ஒரு சொல். உங்கள் மகன் தொழில் நிமித்தமாக வாங்குவோருடன் இத்தகைய கூடங்களில் அமர நேரும். "நான் மது அருந்துவதில்லை, காலையில் சிற்றுண்டியின்போது பேசலாமா?" என்று அவர் புன்னகையோடு கேட்கட்டும். எதையும் விட்டுக்கொடுக்காமலும் எவரையும் புண்படுத்தாமலும் பேசும் அந்தத் துணிவை அவர் கற்கவேண்டிய பள்ளி உங்கள் மடிதான். அதை அவருக்கு அளிக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!