ஜோடி வாத்து கேட்ட தம்பிக்கு



போன வாரம் எங்கள் வீட்டு மாண்டரின் வாத்துகளின் படம் போட்டேன். அதற்கு வந்த லைக்குகளைப் பார்த்தால், இத்தனை வருஷம் அறிவியல் பாடம் நடத்தியதற்குப் பதில் வாத்தே வளர்த்திருக்கலாம் போலிருக்கிறது.

படத்தைப் பார்த்துவிட்டு பெங்களூரிலிருந்து ஒரு பழைய மாணவன் போன் செய்தான். (கடைசி பெஞ்ச். பெயர் சொல்லவில்லை, அவனுக்கே தெரியும்.) "சார், பாப்பாவுக்குப் பிறந்தநாள் வருது. ஒரு ஜோடி கொடுங்க சார், பால்கனியில வச்சுக்கிறோம்." கொடுக்க மாட்டேன் என்றேன். பையனுக்கு வருத்தம். இன்னும் நாலு பேர் இன்பாக்ஸில் கேட்டிருப்பதால் காரணத்தைப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த நிறம். ஆண் மாண்டரினின் ஆரஞ்சும் ஊதாவும் வருஷம் முழுக்க இருக்காது. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் இறகு உதிர்த்து, ஏறக்குறையப் பெட்டை மாதிரியே சாம்பலாகிவிடும். அலகின் சிவப்பை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். இது தெரியாமல் "பறவைக்கு நோய் வந்துடுச்சு, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று என்னிடம் புலம்பியவர்கள் உண்டு. நிறத்துக்காக வாங்கியவர்களுக்கு நிறம் போனதும் ஆசையும் போய்விடுகிறது.

அடுத்தது தண்ணீர். வாத்து குடிப்பதைவிடக் கலக்குவதுதான் அதிகம். தொட்டியைத் தினமும் மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அந்தத் தண்ணீர் வாழைக்குப் போகிறது, தார் நன்றாகத் தள்ளுகிறது. உன் பால்கனியில் அது கீழ்வீட்டுக்காரர் தலையில்தான் போகும், தம்பி. தீனி இன்னொரு தொல்லை. பிரட்டும் பிஸ்கட்டும் போடவே கூடாது. குஞ்சுகளுக்குக் கோழித்தீவனம் மட்டும் கொடுத்தால் நியாசின் பற்றாமல் கால் வளைந்துவிடும். வாத்துக்குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிட அது அதிகம் தேவை. நான் ஈஸ்ட் கலந்து கொடுக்கிறேன், கூடவே அசோலா.

இனி என் தவறு. குவார்ட்டர்ஸில் இருந்த காலம். பின்பக்கம் பெரிய தோட்டம், மூங்கில் நட்டுக் கோழிவலை கட்டிய கூண்டு. மணிலா வாத்தும் நாட்டு வாத்துமாக ஒன்பது. பொழுது சாய்ந்ததும் அவற்றை அடைத்துக் கொக்கி போடுவது வீட்டுக்காரம்மாவின் வேலை. மகள் பிரசவத்துக்கு அவர் சென்னை போயிருந்த வாரம், ஒருநாள் விடைத்தாள் திருத்திக்கொண்டே தூங்கிவிட்டேன். காலையில் போய்ப் பார்த்தால் இரண்டுதான் மிச்சம். கீரிப்பிள்ளை. தின்றது ஒன்றைக்கூட முழுசாக இல்லை, கொன்றது ஏழு. ஊரிலிருந்து வந்ததும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் போய் அந்தக் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். இந்திரா நகர் வீட்டுக் கூண்டில் இப்போது வெல்டு மெஷ், ஓரமெல்லாம் ஒரு அடி ஆழம் மண்ணுக்குள் புதைத்தது. கொக்கி இரண்டு.

ரிட்டயராகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது, "பெருமாள் ஏரியில விட்டுடுங்க சார், அதுவா பொழைச்சுக்கும்" என்று நல்ல மனதோடு சொன்னார்கள். சுரங்கத்துக்குள் நீர் புகாமல் இருக்க இரவும் பகலும் பம்ப் செய்கிறார்களே, அந்தத் தண்ணீரும் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிப் பக்கம்தான் போகிறது. தண்ணீர் இருக்கிறது, சரி. ஆனால் அங்கே புள்ளிமூக்கு வாத்தும் இருக்கிறது. நம் வீட்டு வாத்தில் மணிலா தவிர மற்றவை காட்டு மல்லார்டின் வாரிசுகள், புள்ளிமூக்கோடு கலந்துவிடும். கூண்டு நோயையும் கொண்டுபோகும். இல்லையென்றால் முதல் வாரமே நாய்க்கு இரை. நான் விடவில்லை. தெரிந்த வீடுகளாகப் பார்த்துக் கொடுத்து முடிக்க இரண்டு மாதம் ஆனது.

எதிர்ப்பக்கமும் ஒன்று. ஏரியிலிருந்து சிறகிக் குஞ்சைப் பிடித்து வந்து "வளர்த்துக் கொடுங்க சார்" என்று கேட்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

"அப்போ நீங்க மட்டும் ஏன் சார் மாண்டரின் வளர்க்கிறீங்க?" என்று மைத்துனர் கேட்பார். நியாயமான கேள்வி. அது கிழக்காசியப் பறவை. 2021-இல் அசாமின் மகுரி பீலுக்கு ஒன்று வழிதவறி வந்ததற்கே நாடெங்கும் செய்தி. என்னிடம் இருப்பவை கூண்டிலேயே பிறந்தவை, வெளியே விட்டால் பிழைக்காது. எடுத்துக்கொண்ட பொறுப்பை முடிக்கிறேன், அவ்வளவுதான். புதிதாக வாங்கப் போவதில்லை.

ஆசை இருப்பவர்கள், தோட்டமும் வீட்டில் எப்போதும் ஒரு ஆளும் இருந்தால், நாட்டு வாத்தில் தொடங்குங்கள். அடைகாக்கும் கோழியிடம் வாத்து முட்டையை வைக்கலாம். கோழிக்கு 21 நாள் கணக்கு, வாத்துக்கு 28, மணிலாவுக்கு 35. பாவம், சில கோழிகள் பொறுமை இழந்து பாதியில் எழுந்துவிடும்.

பெங்களூர் தம்பி, பொங்கல் லீவில் பாப்பாவைக் கூட்டி வா. மாண்டரின் மரப்பொந்தில் முட்டையிடும் இனம், அதனால் சுவரில் உயரமாக ஒரு மரப்பெட்டி மாட்டியிருக்கிறேன். பெட்டை நாலு நாளாக அதை எட்டி எட்டிப் பார்க்கிறது. சாயங்காலம் கொக்கி போடும் வேலையைப் பாப்பாவிடமே கொடுக்கிறேன்.